வலது மணிக்கட்டு

என் குறிப்பேட்டின் முதல் பதிவு
நாடே ஓரிரவில் சாலையின் இடப்பக்கம் விட்டு
வலப்பக்கம் மாறிய ஆண்டு.
ஒரு ராஜ்யம் முழுவதும் ஒரே மணியில் திரும்புமென்றால்
திருப்புகிறவன் யார் என்று எழுதினேன்.
எட்லா சிரித்தாள்:
"நமக்குத்தான் காரே இல்லையே, ஃப்ரிடோல்ஃப்."

பிறகு லிண்ட்மார்க் வீட்டுக் கூரையில் ஆன்டெனா.
பால் டப்பாவில் கறுப்புக் கோடுகள்.
மழையோடு இறங்கி
கலைமான் இறைச்சியில் தங்கிப்போன விஷம்.
வங்கி மூடியது, கதவில் ஒரு எண்ணை ஒட்டிவிட்டு.
பேருந்து ஓட்டுநர் என் நாணயத்தைப்
புதைபொருள் போலத் திருப்பிப் பார்த்து
கார்டு இல்லையா என்றான்.
மைனஸ் இருபத்தெட்டில் நடந்தே வீடு வந்தேன்,
பை நிறைய செல்லாத ராஜாவோடு.

ஜெபவீட்டில்கூட இப்போது காணிக்கைத் தட்டு வருவதில்லை.
சுவரில் உள்ள எண்ணுக்கு
எல்லோரும் குனிந்தபடி அனுப்புகிறார்கள்.
தூரத்திலிருந்து பார்த்தால்
ஜெபம் போலவே இருக்கிறது.

ஒரு பிப்ரவரி இரவு
வானத்தில் விளக்குகள், வரிசையாக,
ஒரே நூலில் கோத்ததுபோல்
வடக்கிலிருந்து கிழக்கே போயின.
எட்லாவை எழுப்பினேன்.
இரவு உடுப்போடு பனியில் நின்றோம், கைகோத்து.
எனக்குப் பயமாகவே இல்லை.
அடுப்பில் உருளைக்கிழங்கு இருக்கிறதே
என்றாள் அவள்.
மறுநாள் செய்தித்தாள் சொன்னது:
ஏதோ கம்பெனியின் செயற்கைக்கோள்கள்.
அதையும் எழுதிவைத்தேன், சிறிய எழுத்தில்.

ரக்கேல் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தாள்.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
தோலுக்கடியில் ஒரு அரிசி மணி.
அலுவலகக் கதவு அதற்குத் திறக்குமாம்.
"தொட்டுப் பாருங்கப்பா."
நான் தொடவில்லை.
அந்தக் கை வெட்டிய ரொட்டியையும்.
எட்லாதான் அதைத் தன் கைகளுக்குள் வைத்து
ஐஸ் மாதிரி இருக்குதே என்று
தேய்த்துக் கொடுத்தாள்.
அப்போது அவளுக்கு மகள் பெயர் தெரியும்.

இரண்டு குளிர்காலம் கழித்து
நகராட்சியிலிருந்து மலீன் வந்தாள், ஒரு சிறு பெட்டியோடு.
கடிகாரம் மாதிரிதான், நேரம் மட்டும் காட்டாது.
கலைமான் கழுத்தில் கட்டுகிறார்களே, அந்தச் சங்கதி.
இடது கையில் கட்டு என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள்;
எந்த அதிகாரம், எந்த வசனம் என்று
அவளுக்கும் தெரியும்.

முதல் வாரம் அது கஞ்சிப் பானைக்குள் கிடந்தது.
இரண்டாம் வாரம்
ஆற்றின் நடுவில், உறைந்த பனிமேல்,
பச்சையாகச் சிமிட்டிக்கொண்டு, தனியாக.
எட்லா அங்கிருந்து இருநூறு அடியில்
காலுறை மட்டும் போட்டு
ஃபின்லாந்தைப் பார்த்து நின்றாள்.

"வலது கைப் பழக்கம் அவங்களுக்கு," என்றாள் மலீன்,
தரையைப் பார்த்தபடி.
"வலதுல கட்டினா இடது கையால கழற்ற வராது."

ஐம்பத்தாறு வருடம் நான் எச்சரித்த கை.
மேசைமேல் நீட்டிக்கொண்டிருந்தாள், மோதிரம் போடப்போவதுபோல்.
மலீனை விலகச் சொன்னேன்.
நானே பூட்டினேன்.
சத்தம் பெரிதாக இல்லை.

அன்றிரவு குறிப்பேட்டில் தேதி எழுதினேன்.
மை காய்ந்தது. வேறொன்றும் எழுதவில்லை.

எக்காளத்துக்கென்று வைத்திருந்த காதில்
மூன்று மணிக்கு ஒரு சின்ன பீப்.
எட்லா. வாசல். பதினொரு மீட்டர்.

தொப்பி, கோட்டு, கையில் அணைந்த டார்ச்.
"வந்துட்டாரா?"
யார் என்று நான் கேட்கவில்லை.
"இன்னும் இல்ல.
பூட்ஸைக் கால் மாத்திப் போட்டிருக்கே, பாரு."

குனிந்து கழற்றினேன்.
ஒற்றைக்காலில் தள்ளாடியவள்
விழாமலிருக்கக் கையை ஊன்றினாள்,
வலது கையை,
என் நெற்றியில்.